ஏசியா, டிசியா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பது

அடாப்டர், எல்இடி விளக்கு, பேட்டரி, சோலார் என்று எதைப் பழுது பார்த்தாலும் ஒரே குளறுபடி திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) போக வேண்டிய இடத்துக்கு ஏசி (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) போயிருக்கும். ஏசி கேட்கும் சாதனத்துக்கு டிசி கொடுத்திருப்பார்கள். இரண்டும் சரியாக இருந்தால் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருக்கும். சில நேரம் சாதனத்தில் குறையே இருக்காது. மீட்டரைத் தவறான நிலையில் வைத்து அளந்திருப்பார்கள். இதில் எது என்று பார்க்காமலேயே நல்ல பாகங்களைக் கழற்றிப் போடுவதைக் கண்டால் மனசு பொறுக்கவில்லை. அதனால்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் சாதனம் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## எதற்கும் முன்னால்

லேபிளைப் படியுங்கள். வளைந்த அலைக்கோடு (~) இருந்தால் ஏசி. ஒரு நேர்கோடும் அதன் கீழே மூன்று சிறு துண்டுக் கோடுகளும் (⎓) இருந்தால் டிசி. அடாப்டரில் இரண்டு வரிகள் இருக்கும். உள்ளே வரும் மின்சாரத்தைச் சொல்லும் வரியில் ~ இருப்பது சகஜம். சுவரிலிருந்து வருவது ஏசிதானே. நாம் கவனிக்க வேண்டியது வெளியே போகும் வரி. அங்கே பெரும்பாலும் ⎓ இருக்கும். அங்கேயும் ~ இருந்தால் அது ஏசியையே குறைந்த வோல்ட்டில் வெளியே தரும் அடாப்டர். சில பழைய மோடம்கள், அலங்கார விளக்குச் சரங்கள், இசைக்கருவிப் பெட்டிகள் இந்த வகையைக் கேட்கும்.

வோல்ட்டையும் ஆம்பியரையும் அளக்கும் மல்டிமீட்டரிலும் இதே இரண்டு குறிகள்தான். அளப்பதற்கு முன், தெரிந்த ஒன்றில் மீட்டரைச் சோதியுங்கள்: டிசி நிலைக்கு ஒரு நல்ல பேட்டரி, ஏசி நிலைக்கு வேலை செய்யும் ஒரு சாக்கெட். சிவப்பு வயர் வோல்ட் துளையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆம்பியர் துளையில் செருகியபடி சாக்கெட்டில் வைத்தால் அது நேரடி ஷார்ட் (தடையே இல்லாமல் மின்சாரம் பாய்வது).

இன்னொன்று: சாக்கெட்டில் மின்சாரம் இல்லை என்று முடிவு செய்யும்போது மீட்டர் டிசி நிலையில் இருந்தால் அது உங்களை ஏமாற்றும். 230 வோல்ட் ஏசி முழுசாக ஓடிக்கொண்டிருந்தாலும் டிசி நிலையில் திரை பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்டும். இதை நம்பிக் கை வைத்தால் உயிர் போகும்.

அடாப்டரின் உடலைப் பிளக்க வேண்டாம். 230 வோல்ட் ஏசி உள்ளே போனதும் ஏறக்குறைய 325 வோல்ட் டிசியாக மாறி, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டரில் நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கே தங்கியிருக்கலாம்.

## அடாப்டர் செருகியும் சாதனம் உயிர் பெறவில்லை

முதலில் செலவே இல்லாத சோதனை. அடாப்டரின் லேபிளையும் சாதனத்தின் லேபிளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஏசியா டிசியா என்பது பொருந்த வேண்டும், வோல்ட் பொருந்த வேண்டும், பிளஸ் மைனஸ் பொருந்த வேண்டும். ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கலாம். 1 ஆம்பியர் கேட்கும் சாதனத்துக்கு 3 ஆம்பியர் அடாப்டர் கொடுத்தால் கெடாது. சாதனம் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். குறைவாக இருப்பதுதான் பிரச்சினை.

அடுத்து பின். உருளைப் பின்களில் வெளி அகலம் 5.5 மில்லிமீட்டர் என்பது பொது. நடுத்துளை மட்டும் 2.1, 2.5 என்று இரண்டு அளவில் வரும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. 2.1 பின் 2.5 சாக்கெட்டில் நுழையாது, அதனால் உடனே தெரிந்துவிடும். 2.5 பின் 2.1 சாக்கெட்டில் லூசாக நுழைந்துவிடும். ஆட்டினால் எரியும், விட்டால் அணையும். இதை 'சர்க்யூட் போச்சு' என்று நினைத்துக் கொண்டு வருபவர்கள் ஏராளம்.

பின்னும் சரி, லேபிளும் சரி என்றால் மீட்டரை டிசி 20 வோல்ட் நிலையில் வையுங்கள். சிவப்பு முனை பின்னின் நடுத்துளைக்குள், கருப்பு முனை வெளி உலோகத்தில். 12 வோல்ட் அடாப்டர் என்று வைத்துக்கொள்வோம்.

12-ஐ ஒட்டிக் காட்டுகிறது. சுமை (மின்சாரத்தை இழுக்கும் சாதனம்) இல்லாதபோது அடாப்டர் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும். சாதனத்தில் செருகி ஓடவிட்டு மறுபடி அளக்க வேண்டும். திருகு முனை வைத்த இணைப்பான் ஒன்றை நடுவில் போட்டால் அளப்பது எளிது. சுமையில் 7, 8 என்று சரிந்தால் அடாப்டர் தளர்ந்துவிட்டது. சரியவில்லை, சாதனமும் ஓடவில்லை என்றால் குறை சாதனத்தில்.

மைனஸ் 12 காட்டுகிறது. நடுத்துளை மைனஸ், வெளி உலோகம் பிளஸ் என்று அமைந்த அடாப்டர் இது. கிட்டார் எஃபெக்ட் பெடல்கள் பலவும் 9 வோல்ட்டில் இப்படித்தான் கேட்கின்றன. உங்கள் சாதனம் எதைக் கேட்கிறது என்று அதன் மேல் உள்ள வட்டப் படத்தைப் பாருங்கள்: நடுப்புள்ளியிலிருந்து போகும் கோட்டின் நுனியில் + இருக்கிறதா, − இருக்கிறதா என்பதே விடை.

பூஜ்யம் காட்டுகிறது. உடனே தூக்கிப் போடாதீர்கள். மீட்டரை ஏசி நிலைக்கு மாற்றுங்கள். அங்கே 12 அல்லது அதற்கு மேல் வந்தால் அடாப்டர் உயிரோடு இருக்கிறது, ஆனால் ஏசி அடாப்டர். இரண்டு நிலையிலும் பூஜ்யம் என்றால் பின்னுக்கு அருகிலும் அடாப்டர் உடலுக்கு அருகிலும் வயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். எண் வந்து வந்து போனால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. வரவே இல்லை என்றால் அடாப்டரை மாற்றுங்கள்.

16, 17 காட்டுகிறது. கையில் எடுத்தால் கனமாக இருக்கிறதா? பழைய டிரான்ஸ்பார்மர் வகையாக இருக்கலாம். அந்த வகையில் பல, சுமை இல்லாதபோது லேபிளைவிட அதிகமாகத்தான் காட்டும். சுமை ஏறியதும் இறங்கும். பழுது இல்லை. ஆனால் இலேசான எஸ்எம்பிஎஸ் (எலக்ட்ரானிக் முறையில் வோல்ட்டைக் குறைக்கும்) அடாப்டர் இப்படிக் காட்டினால் அதைச் சாதனத்தில் செருகவே கூடாது.

ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. சாதனத்தில் செருகியபோது மட்டும் இப்படி ஆனால், சாதனத்துக்குள் ஷார்ட் இருப்பதால் அடாப்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெட்டி வெட்டி முயல்கிறது. சாதனத்தைப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். தனியாக வைத்தாலும் ஏறி இறங்கினால் குறை அடாப்டரில்.

## தவறான அடாப்டரை ஏற்கெனவே செருகியாகிவிட்டது

பிளக்கைப் பிடுங்குங்கள். 'ஓடுகிறதா என்று இன்னொரு தரம் பார்ப்போம்' என்ற ஆசைதான் மிச்சத்தையும் கெடுக்கிறது. கருகிய வாசனை வருகிறதா, உடல் சுடுகிறதா என்று கவனியுங்கள்.

பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. பல சாதனங்களில் நுழைவாயிலிலேயே ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) காவல் இருக்கும். சிலவற்றில் அது மின்சாரத்தைத் தடுத்துவிடும். சரியான அடாப்டர் போட்டதும் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். வேறு சிலவற்றில் அது ஷார்ட் செய்து ஃபியூஸை உருக்கும். அப்போது ஃபியூஸும் டயோடும் மாற்றினால் போதும், சின்ன வேலை.

டிசி சாதனத்துக்கு ஏசி போயிருந்தால் உருளை வடிவ எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உருளைகளின் தலைப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால், அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தால் அவை போய்விட்டன. இதற்கு மேல் பலகையில் வேலை செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பதே சரி.

ஏசி சாதனத்துக்கு டிசி கொடுத்தால் சத்தமே இல்லாமல் கெடும். உள்ளே டிரான்ஸ்பார்மரோ ஏசிக்கான சுருளோ இருந்தால், டிசியில் அது வேலை செய்யாமல் வெறுமனே சூடேறும். சத்தம் இல்லை, அசைவு இல்லை, ஆனால் தொட்டால் சுடுகிறது என்றால் இதுதான். சீக்கிரம் கழற்றினால் சுருள் பிழைக்கும்.

## ஸ்பீக்கரில் உறுமல்

பேட்டரியில் ஓடும் வசதி இருந்தால் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றுவிட்டால் குறை மின்சாரம் வரும் வழியில். நிற்கவில்லை என்றால் கேபிளையோ எர்த் இணைப்பையோ பார்க்க வேண்டும். அது வேறு கதை.

குறை மின்சாரத்தில்தான் என்றால், டிசிக்குள் ஏசி மிச்சம் கலந்து வருகிறது. 50 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 50 சுற்று) ஊர்களில் இது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸிலும், 60 ஹெர்ட்ஸ் ஊர்களில் 120 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கும். அதே வோல்ட், அதே வகை நல்ல அடாப்டர் ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே மலிவான சோதனை. உறுமல் போனால் விஷயம் முடிந்தது.

அளந்தே பார்க்க வேண்டும் என்றால், சாதனம் ஓடும்போது அடாப்டரின் வெளிமுனையில் மீட்டரை ஏசி நிலையில் வையுங்கள். சில பத்து மில்லிவோல்ட் வந்தால் கவலை இல்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் கெபாசிட்டர் காய்ந்துவிட்டது. ஆனால் விலை குறைந்த மீட்டர்கள் இந்த இடத்தில் பொய் சொல்லும். முனைகளை மாற்றி வைத்து அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 26-ஐ ஒட்டி, மறு பக்கம் பூஜ்யம் என்று வந்தால் உங்கள் மீட்டர் டிசியையும் சேர்த்து விழுங்குகிறது. அந்த அளவை நம்பக் கூடாது. (12 வோல்ட் டிசியை அந்த வகை மீட்டர் 2.2 மடங்காகக் காட்டும். அடாப்டர் எகிறிவிட்டது என்று பலர் பயப்படுவது இதைப் பார்த்துத்தான்.)

மின்சாரப் பகுதி ஆம்ப்ளிஃபயரின் உள்ளேயே இருந்தால் மூடியைத் திறக்காமல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

## ஹாலஜன் பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட்டதும் துடிக்கிறது

12 வோல்ட் ஸ்பாட் விளக்குகளில் இது தினசரிப் பிரச்சினை. பல்பை மாற்றி மாற்றிப் போட்டுப் பணம் வீணாகும், குறை பல்பில் இருக்காது.

கூரைக்குள் இருக்கும் பெட்டியின் லேபிளைப் பாருங்கள். 12 வோல்ட் என்றிருக்கும், பக்கத்தில் ~ இருக்கும், 20–60 வாட் என்பதுபோல ஒரு வரம்பும் இருக்கும். அது ஹாலஜனுக்காகச் செய்த எலக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மர். வெளியே தருவது ஏசி, அதுவும் வினாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் ஏசி. குறைந்தபட்சச் சுமை இல்லாவிட்டால் அது சரியாக விழித்துக்கொள்ளாது. 50 வாட் ஹாலஜன் இருந்த இடத்தில் 6 வாட் எல்இடி போட்டால் விழிக்கும், தூங்கும், விழிக்கும். அதுதான் அந்தத் துடிப்பு. சாதாரண மீட்டரால் இவ்வளவு வேகமான ஏசியை அளக்க முடியாது, அதனால் மீட்டரை எடுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஒரே பெட்டியில் பல விளக்குகள் இருந்தால், ஒன்றில் மட்டும் பழைய ஹாலஜனைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். மற்றவை துடிப்பதை நிறுத்தினால் காரணம் உறுதி. நிரந்தரத் தீர்வு அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு 12 வோல்ட் டிசி தரும் எல்இடி டிரைவர் (எல்இடிக்கான மின்சாரப் பெட்டி) போடுவது. பல்பின் மேல் ~ மட்டும்தான் எழுதியிருக்கிறதா, ⎓ உம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள். கூரைக்குள் ஃபேஸ், நியூட்ரல் கழற்ற வேண்டிய வேலை இது, எலக்ட்ரீசியன் செய்யட்டும்.

## எல்இடி பட்டையில் கடைசிப் பகுதி மங்கல்

12 வோல்ட் டிசியில் 60 வாட் பட்டை 5 ஆம்பியர் இழுக்கும். அதே 60 வாட் 230 வோல்ட்டில் கால் ஆம்பியர்தான். வீட்டு ஏசி வயரிங்கில் பழகிய கை, மெல்லிய வயரை இங்கேயும் போட்டுவிடுகிறது. வோல்ட் வழியிலேயே கரைந்துவிடுகிறது.

பட்டை எரியும்போது மூன்று இடத்தில் டிசி அளவு எடுங்கள்: டிரைவரின் முனை, பட்டையின் தொடக்கம், பட்டையின் கடைசி. டிரைவர் முனையிலேயே குறைந்தால் டிரைவருக்குச் சுமை அதிகம். டிரைவரில் சரி, தொடக்கத்தில் குறைவு என்றால் வயர் மெல்லியது அல்லது இணைப்பு லூஸ். அழுத்திச் செருகும் இணைப்பான்களைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிற இணைப்பான்தான் திருடன். தொடக்கத்தில் சரி, கடைசியில் மட்டும் குறைவு என்றால் பட்டையின் செம்பே அவ்வளவுதான் தாங்கும். கடைசி முனைக்கும் தனி வயர் கொண்டுபோய் இரண்டு பக்கத்திலிருந்தும் கொடுங்கள். அப்படியும் போதாது என்றால் 24 வோல்ட் பட்டையும் 24 வோல்ட் டிரைவரும். ஆம்பியர் பாதியாகிவிடும் என்பதால் இழப்பு நன்றாகக் குறையும், ஆனால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

பட்டை எரியவே இல்லை, டிரைவர் நன்றாக இருக்கிறது என்றால் பிளஸ் மைனஸை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். மாற்றிக் கொடுத்துவிடுங்கள், பெரும்பாலும் எரிந்துவிடும்.

## மீட்டர் நம்ப முடியாத எண்ணைக் காட்டுகிறது

சுவிட்சை அணைத்தும் வயரில் 40, 60, 90 வோல்ட். ஏசி நிலையில் மட்டும் வருகிறதா? பக்கத்தில் ஓடும் ஃபேஸ் வயரிலிருந்து தாவி வரும் நிழல் வோல்ட்டாக இருக்கலாம். டிஜிட்டல் மீட்டர் மின்சாரத்தை அவ்வளவாக இழுக்காது என்பதால் இதையும் காட்டிவிடும். ஒரு சாதாரண இழை பல்பைச் சுமையாகக் கொடுத்தால் நிழல் வோல்ட் விழுந்துவிடும். விழவில்லை என்றால் அது நிஜம். எங்கோ இணைப்புத் தவறு, எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். எது என்று உறுதியாகும்வரை நிஜம் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக மினுங்குவதற்கும் பல நேரம் இதே காரணம்தான். சுவிட்சில் சின்ன காட்டி விளக்கு இருந்தாலும், சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருந்தாலும் அப்படி மினுங்கும். கடைசியாகச் சொன்னது ஆபத்து, உடனே திருத்த வேண்டியது.

கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் மீட்டர்) பூஜ்யம் காட்டுகிறது, விளக்கோ எரிகிறது. இரண்டு வயரையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம்தான் வரும். ஒற்றை வயரை மட்டும் கவ்வுங்கள். அப்படியும் பூஜ்யம், ஓடுவதோ பேட்டரி அல்லது சோலார் டிசி என்றால், உங்கள் கிளாம்ப் ஏசிக்கு மட்டும் ஆனது. சாதாரண கிளாம்ப்பால் டிசி ஆம்பியரைப் பார்க்கவே முடியாது. ஹால் சென்சார் (காந்தப் புலத்தை உணரும் பாகம்) வைத்த ஏசி-டிசி கிளாம்ப் வேண்டும்.

இன்வெர்ட்டரில் 180 வோல்ட்தான் வருகிறது. பேட்டரியில் ஓடும்போது மட்டும் இப்படியென்றால், அது படிக்கட்டு வடிவ ஏசி தரும் இன்வெர்ட்டராக இருக்கலாம். மலிவு மீட்டர் அந்த வடிவத்தைக் குறைத்துக் காட்டும். நிஜத்தில் 230 இருக்கும். ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரில் (இப்படிப்பட்ட வடிவத்தையும் சரியாக அளக்கும் வகை) அளந்த பிறகே பழுது என்று சொல்லுங்கள். மின்விசிறி அப்போது மட்டும் இரைந்தால் காரணம் அதே வடிவம்தான். மின்விசிறியைக் கழற்றாதீர்கள்.

## டிசி பக்கம் போட்ட சுவிட்ச் கருகுகிறது, பொறி தெறிக்கிறது

50 ஹெர்ட்ஸ் ஏசி வினாடிக்கு 100 தரம் பூஜ்யத்தைத் தொடுகிறது. சுவிட்சைத் திறக்கும்போது எழும் பொறி அந்த நொடித்துளியில் அணைந்துவிடும். டிசிக்கு அந்தப் பூஜ்யம் கிடையாது. பொறி இழுபட்டு நிற்கும், உலோகத்தை உருக்கும். சிறிய ரிலேக்களின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) மேல் 250 வோல்ட் ஏசி, 30 வோல்ட் டிசி என்று இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டிருப்பது இதனால்தான்.

முதல் சோதனை: சுவிட்ச், ஃபியூஸ், பிரேக்கர் மூன்றிலும் டிசி வரம்பு எழுதியிருக்கிறதா? ~ மட்டும் இருந்தால் அதைச் சோலார் வரிசையில் வைக்கவே கூடாது, 'இவ்வளவு நாள் ஓடியதே' என்ற பேச்சு எடுபடாது. டிசி பிரேக்கர்தான் என்றால் அதில் + − குறியிட்டிருக்கிறதா பாருங்கள். குறியிட்டவற்றைத் தலைகீழாகப் போட்டால் தேவையான நேரத்தில் பொறியை அணைக்காது. அப்புறம் திருகுகள்: மின்சாரம் முழுக்க நின்ற பிறகு இறுக்கிப் பாருங்கள், லூஸ் இணைப்பும் இதே கருகலைத் தரும்.

12 வோல்ட் பேட்டரி, ஒரு விளக்கு, ஒரு சுவிட்ச் என்ற அளவுக்கு நீங்களே மாற்றிவிடலாம். முதலில் மைனஸ் முனையைக் கழற்றுங்கள், ஸ்பேனர் இரண்டு முனையையும் ஒருசேரத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பேனர் செவசெவவென்று காயும்.

கூரை மேல் வரிசையாகச் சேர்த்த பேனல்கள் என்றால் கதை வேறு. அங்கே பல நூறு வோல்ட் டிசி இருக்கும், வெயில் இருக்கும்வரை அதை அணைக்க முடியாது. பேனல் வயர்களின் இணைப்பான்களை மின்சாரம் ஓடும்போது இழுக்காதீர்கள். கருகல் வாசனையோ படபடவென்ற சத்தமோ வந்தால் முதலில் இன்வெர்ட்டரை நிறுத்தி, அடுத்து டிசி ஐசொலேட்டரை (பேனல் பக்கத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணையுங்கள். ஐசொலேட்டரிலிருந்தே புகை வந்தால் அதைத் தொடாமல் விலகிவிடுங்கள். தீ தெரிந்தால் தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டு, கூரையில் சோலார் இருக்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். தீ இல்லை என்றால் சோலார் டிசியில் பயிற்சி பெற்றவரை அழைத்து, அவர் வரும்வரை எதையும் மறுபடி ஆன் செய்யாமல் வையுங்கள்.